கை தொங்கினால் ரேடியல், அவ்வளவுதானா? – நரம்பு எந்த மட்டத்தில் அடிபட்டது என்று கையை வைத்தே கண்டுபிடிப்பது

#1 இரவுப்பணி

எலும்பு வார்டில் அடிக்கடி வரும் சந்தேகம் இது. பைக் விபத்து, மேற்கை எலும்பு நடுவில் முறிவு, தோல் கிழியவில்லை. மணிக்கட்டு தொங்குகிறது. ஆனால் விரலை நீட்டச் சொன்னால் நுனிக் கணுக்கள் நீள்கின்றன, முழங்கையும் நீள்கிறது. இதைப் "பகுதிக் காயம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதலாமா? ரேடியல் (மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டும் தசைகளுக்கான நரம்பு) முழுசாகப் போயிருந்தால் விரல் நீளவே கூடாதே?

இன்னொன்று. அதே கையில் விரல்களை அகட்டவும் சிரமம், பிடியும் தளர்வு. விரல் அகட்டும் தசைகளுக்கான அல்நார் நரம்பும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதா?

#2 உளிச்சத்தம்

பகுதிக் காயம் என்று எழுதாதீர்கள். நீங்கள் சொன்ன அத்தனையும் ரேடியல் நரம்பு முழுசாக நின்றுபோன கையிலும் இருக்கும்.

விரலின் நடுக்கணுவையும் நுனிக்கணுவையும் நீட்டுவதில் பெரும்பங்கு உள்ளங்கையின் சிறுதசைகளுக்கு, அதாவது இன்டராசியஸ், லும்பிரிக்கல். அவை கையின் மற்ற இரு நரம்புகளான அல்நார், மீடியன் ஆட்சியில் உள்ளவை. ரேடியலின் வேலை முட்டிக்கணுவை, அதாவது விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டை, நீட்டுவது. எனவே மணிக்கட்டை உங்கள் கையால் நேராகத் தாங்கிக்கொள்ளுங்கள். விரல்களைக் கொக்கி மாதிரி மடக்கி வைத்தபடியே முட்டியை மட்டும் பின்னால் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை என்றால் விரல் நீட்டும் தசை வேலை செய்யவில்லை. நுனி நீள்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முழங்கை நீள்வதும் அப்படித்தான். முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசைக்கான கிளைகள் பெரும்பாலும் அக்குளிலும், எலும்பைச் சுற்றும் பள்ளத்துக்குள் நரம்பு இறங்குமுன்னும் பிரிந்துவிடுகின்றன. நடு எலும்பு முறிவில் டிரைசெப்ஸ் தப்புவது இயல்பு. அது தப்பியிருக்கிறது என்றால் காயம் அக்குளுக்குக் கீழே என்று அர்த்தம், அவ்வளவுதான். காயம் முழுசா பாதியா என்பதற்கு அதில் பதில் இல்லை.

பொதுவாகவே எது போச்சு என்று பட்டியல் போடுவதைவிட எது மிச்சம் இருக்கிறது என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கடைசியாக வேலை செய்யும் தசைக்கும் முதலில் நின்றுபோன தசைக்கும் இடையில்தான் காயம்.

ரேடியலுக்கு அந்த வரிசை: டிரைசெப்ஸ், பிராக்கியோரேடியாலிஸ், மணிக்கட்டை நீட்டும் நீள்தசை, பிறகு சுப்பினேட்டர் (உள்ளங்கையை மேலே திருப்பும் தசை), விரல் நீட்டிகள், கடைசியாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். பிராக்கியோரேடியாலிஸைப் பலர் பார்ப்பதே இல்லை. முழங்கையை 90 டிகிரி மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி முன்கையை வைத்து, நீங்கள் கீழே அழுத்த அவர் மடக்க வேண்டும். முன்கையின் வெளிவிளிம்பில் கயிறு போல் எழும்பி நிற்கும். எழும்பவில்லை என்றால் காயம் முழங்கைக்கு மேலே.

#3 இயன்முறை_மல்லிகா

இரண்டாவது கேள்விக்கு என் பதில். மணிக்கட்டு தொங்கும்போது விரல் மடக்கும் தசைநாண்கள் தளர்ந்துவிடும், அதனால் பிடி பலவீனமாகத் தெரியும். விரல் அகட்டுவதும் அப்படியே. அல்நார் கெட்டுவிட்டது என்று எழுதுமுன் உள்ளங்கையை மேசைமேல் படிய வைத்து, மணிக்கட்டும் முட்டியும் நேராக இருக்கும்போது அகட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் நன்றாகவே அகட்டுவார்கள். பிடியைச் சோதிக்கும்போது மணிக்கட்டைச் சுமார் 30 டிகிரி பின்னால் தாங்கிக்கொண்டு சோதிக்கவும்.

ஏமாற்று அசைவு ஒன்றும் உண்டு. கையை இறுக்கி மூடச் சொன்னால் மணிக்கட்டு கொஞ்சம் மேலே எழும். விரல் மடங்கும்போது நீட்டுநாண்கள் இழுபட்டு மணிக்கட்டைத் தூக்குகின்றன. நரம்பு திரும்பிவிட்டது என்று எழுதிவிட வேண்டாம். விரல்கள் தளர்ந்திருக்கும்போது தூக்குகிறாரா என்பதுதான் கேள்வி.

#4 இரவுப்பணி

நன்றி. அப்படியானால் கூட்டமான நேரத்தில் சுருக்கமாக, கட்டைவிரலை மேலே காட்டச் சொன்னால் ரேடியல், வட்டம் போடச் சொன்னால் மீடியன், விரல்களைப் பின்னச் சொன்னால் அல்நார். இது போதாதா?

#5 பத்துவிரல்

வடிகட்டுவதற்குப் போதும். இல்லை என்று சொல்வதற்குப் போதாது. மூன்றிலும் ஓட்டை இருக்கிறது; அல்நாரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கட்டைவிரல்: நுனிக்கணுவை நீட்டுவது ரேடியலின் தசை மட்டுமல்ல. மீடியன் ஆட்சியில் உள்ள குறு அகற்றுத்தசையின் ஒரு நார் விரலின் முதுகுப்புற உறையில் போய்ச் சேர்வதால், ரேடியல் செத்த கையிலும் நுனி ஓரளவு நீளும். கையை மேசைமேல் குப்புற வைத்து, உள்ளங்கை ஒட்டியிருக்க, கட்டைவிரலை மட்டும் மேசையிலிருந்து கூரையை நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். இது நீள் நீட்டுத்தசை மட்டுமே செய்யக்கூடிய வேலை.

வட்டம்: இது பார்ப்பது மீடியனின் ஒரு கிளையை மட்டும், முன்கை எலும்புகளுக்கு நடுவே ஓடும் முன் இன்டராசியஸ் கிளை. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி நுனியும் மடங்காமல் தட்டையாக ஒட்டினால் அந்தக் கிளை போயிருக்கிறது. தோலுணர்வு அதற்குக் கிடையாது. ஆகவே உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று பாஸ் போட்டுவிடுவார்கள். குழந்தைகளின் முழங்கைக்கு மேல் முறிவில் தப்பவிடப்படுவது பெரும்பாலும் இதுதான். மறுபக்கம், மணிக்கட்டில் கண்ணாடி வெட்டி மீடியன் முழுசாக அறுந்தாலும் வட்டம் அழகாக வரும். ஏனென்றால் அந்தத் தசைகளுக்கான கிளை வெட்டுக்கு மேலேயே பிரிந்துவிட்டது.

மணிக்கட்டு மட்டத்தில் மீடியனுக்குப் பேனா சோதனை. உள்ளங்கை மேலே பார்க்க, புறங்கை மேசையில் ஒட்டியிருக்க, கட்டைவிரலுக்கு நேர் மேலே பேனாவைப் பிடித்து அதைத் தொடச் சொல்லுங்கள். உள்ளங்கைத் தளத்துக்குச் செங்குத்தாக எழ வேண்டும். பக்கவாட்டில் விலக்கினால் அது ரேடியலின் நீள் அகற்றுத்தசை. கூடவே கட்டைவிரல் மேட்டைத் தொட்டு இறுகுகிறதா என்று பாருங்கள். உணர்ச்சிக்கு ஆள்காட்டி விரலின் நுனிச்சதை. மற்ற இடங்களில் பக்கத்து நரம்பின் பங்கு கலந்திருக்கும்.

#6 உளிச்சத்தம்

குழந்தைக்கு "கல், காகிதம், கத்தரி" விளையாட்டாகச் செய்தால் போதும். கல் மீடியன், காகிதம் ரேடியல், கத்தரி அல்நார், கடைசியில் வட்டம். பத்துவிரல் சொன்ன ஓட்டைகள் இதற்கும் பொருந்தும்.

#7 பத்துவிரல்

அல்நார் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், இங்கேதான் குழப்பம் அதிகம்.

முதலில் நகவிரல். மோதிர விரலும் சுண்டு விரலும் முட்டியில் பின்னால் வளைந்து, கணுக்களில் மடங்கி நிற்கும். மணிக்கட்டில் அறுந்தால் வளைவு அதிகம், முழங்கைக்கு மேலே அறுந்தால் வளைவு குறைவு. முரணாகத் தோன்றும், காரணம் எளிது: உயரமான காயத்தில் அந்த இரு விரல்களின் ஆழ் மடக்குத்தசையும் செத்துவிடுகிறது, இழுக்க ஆள் இல்லை. ஆகவே உயர்ந்த காயம் தேறிவரும்போது நகவிரல் கூடினால் அது நல்ல செய்தி. நோயாளி பயந்துபோய் வருவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காயமான அன்றே நகவிரல் தெரியாமலும் இருக்கலாம், அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

மட்டம் பிரிக்க இரண்டே சோதனை. ஒன்று, சுண்டு விரலின் நடுக்கணுவைப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொல்வது. மடங்கவில்லை என்றால் காயம் முன்கையின் மேல்பகுதிக்கு மேலே. இரண்டு, புறங்கையில் சுண்டு விரல் பக்கத்துத் தோல். அதற்கான கிளை மணிக்கட்டுக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே பிரிகிறது. புறங்கையும் மரத்திருந்தால் காயம் அந்தக் கிளைக்கு மேலே. உள்பக்கம் மட்டும் மரத்து, புறங்கை சரியாக இருந்தால் மணிக்கட்டு.

தாள் சோதனையில் செய்யும் தவறு: ஒரு கையை மட்டும் பார்ப்பது. இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே ஒரே தாளைக் கொடுத்து, ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். கெட்ட பக்கத்தில் கட்டைவிரல் நுனி மடங்கும், மீடியனின் தசை உதவிக்கு வருவதால். இரண்டு கையும் கண்முன் இருந்தால் 10 டிகிரி வித்தியாசமும் தெரியும். பிறகு ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்லி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் உள்ள சதையைத் தொட்டுப் பாருங்கள். அல்நாருக்கு நான் அதிகம் நம்புவது இந்த ஒரு தசையை.

மீடியனின் "ஆசி வழங்கும் கை"யையும் நகவிரலையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. விரிக்கச் சொன்னால் தெரிவது அல்நார். மூடச் சொன்னால் ஆள்காட்டி விரல் மடங்காமல் நீட்டி நின்றால் உயர் மீடியன்.

#8 நரம்புச்சிலந்தி

மேலே சொன்னதற்கு ஒரு எச்சரிக்கை. சிலருக்கு முன்கையில் மீடியனிலிருந்து அல்நாருக்கு ஒரு குறுக்கு இணைப்பு இருக்கும். முழங்கையில் அல்நார் முழுசாக அறுந்தும் கைச் சிறுதசைகள் ஓரளவு வேலை செய்தால் உடனே "பகுதிக் காயம்" என்று குதிக்காமல், இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபடாமல் நகவிரலோடு வருகிறவரைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் ஊரில் முழங்கைக்குப் பின்னால் அல்நார் பள்ளத்துக்குச் சற்று மேலே நரம்பைத் தடவிப் பார்க்காமல் யாரையும் அனுப்பக் கூடாது. தொழுநோயில் நரம்பு தடித்து, சில சமயம் தொட்டாலே வலிக்கும். கழுத்தின் பக்கவாட்டு நரம்பு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஃபிபுலா (கீழ்க்காலின் மெல்லிய எலும்பு) கழுத்தருகே ஓடும் நரம்பு, தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு, மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நரம்பு செயலிழந்து 6 மாதத்துக்குள் என்றால் ஸ்டீராய்டுக்குப் பலன் இருக்கும் வாய்ப்பு நல்லது. அதன் பிறகு தசைநாண் மாற்று அறுவைதான் வழி. வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொடங்கியது அந்த வேலையைத்தான்.

#9 இரவுப்பணி

கண்ணாடி வெட்டுக்கு வருகிறவர்கள். மணிக்கட்டில் ரத்தம் பாய்கிறது, ஆள் போதையில் இருக்கிறார் அல்லது சின்னக் குழந்தை. உணர்ச்சி கேட்டால் பதிலே வராது. அப்போது?

#10 பத்துவிரல்

வரிசை மாறக் கூடாது. முதலில் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். ரத்தம் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக்குழாயைக் கவ்வும் இடுக்கி) போடாதீர்கள். அல்நார் ரத்தக்குழாயும் நரம்பும் ஒட்டியே ஓடுகின்றன, கத்தியிலிருந்து தப்பிய நரம்பை நீங்கள் நசுக்கிவிடுவீர்கள். அழுத்திய சில நிமிடங்களில் பெரும்பாலும் கட்டுக்குள் வரும்.

பிறகு மரத்துப்போக ஊசி போடுமுன் உணர்ச்சியைப் பாருங்கள். லிக்னோகெயின் போட்டபின் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை.

பதில் சொல்லாதவருக்கு இரண்டு வழி. ஒன்று வியர்வை: அறுந்த நரம்பின் பரப்பில் தோல் விரைவில் வறண்டுவிடும். பளபளப்பான பிளாஸ்டிக் பேனாவை விரல் நுனியில் வைத்து லேசாக இழுங்கள். நல்ல விரலில் ஒட்டி இழுபடும், கெட்ட விரலில் வழுக்கும். இரண்டு, சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 20–30 நிமிடம் ஊறவைத்தால் நல்ல நுனி சுருங்கும், நரம்பில்லாத நுனி சுருங்காது. ஆனால் திறந்த புதுக் காயத்தில் இது வேண்டாம், தையலுக்குப் பின் சந்தேகம் வந்தால் பயன்படும்.

இன்னொன்று, விரல் மடங்கவில்லை என்றால் நரம்பா, தசைநாணா என்று பிரியுங்கள். தளர்வாக இருக்கும் கையை நீங்களே பின்னால் வளைத்தால் விரல்கள் தானாக மடங்க வேண்டும், முன்னால் வளைத்தால் நீள வேண்டும். அப்படி நடந்தால் நாண் முழுசாக இருக்கிறது, பிரச்சினை நரம்பில். ஒரு விரல் மட்டும் வரிசையை விட்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நாண் அறுந்திருக்கிறது. மயக்கத்தில் இருப்பவரிடமும் இதைச் செய்யலாம்.

#11 வடலி

காலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, நான் தொடங்குறன்.

பாதம் தொங்கினால் மூன்று இடத்தில் ஒன்று: இடுப்பு வட்டு அழுத்தும் ஐந்தாம் லம்பார் நரம்பு வேர், பிட்டம் வழியே தொடைக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு, அல்லது முழங்காலுக்கு வெளியே ஃபிபுலா கழுத்தில் அதன் கிளையான பெரோனியல். மூன்றிலும் பாதம் மேலே எழாது. பிரிக்கிறது உள்பக்கம் திருப்புதல். கணுக்காலைக் கீழ்நோக்கித் தள்ளி வைத்துக்கொண்டு பாதத்தை உள்ளே திருப்பச் சொல்லுங்கோ. பலமாகத் திருப்பினால் டிபியாலிஸ் போஸ்டீரியர் நல்லாயிருக்கு, காயம் பெரோனியலில். பலவீனம் என்றால் வேரோ சயாட்டிக்கோ. பிறகு பக்கவாட்டில் படுக்கவைத்து மேல்காலைத் தூக்கச் சொல்லுங்கோ. இடுப்பு அகற்றும் தசையும் பலவீனம் என்றால் வேர். கணுக்கால் மேலே எழும்பி நிற்கும்போது உள்பக்கம் திருப்புவதைச் சோதித்தால் முன்தசையும் சேர்ந்து குழப்பும், அதுதான் கீழ்நோக்கித் தள்ளச் சொன்னது.

ஓம், ஒரு பொறி இருக்கு. சயாட்டிக்கில் பெரோனியல் பங்குதான் வெளிப்பக்கம், ஃபிபுலா கழுத்தோடு கட்டுண்டும் கிடக்கிறது. இடுப்பு மூட்டு விலகலிலும் பிட்டத்தில் பிழையாகப் போட்ட ஊசியிலும் அது மட்டும் அடிபட்டு, வெறும் பெரோனியல் போல நடிக்கும்.

#12 நரம்புச்சிலந்தி

வடலி சொன்ன பொறிக்கு விடை பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குறுந்தலை. தொடையில் பெரோனியல் பங்கு ஊட்டும் ஒரே தசை அது. இ.எம்.ஜி.யில் (தசைக்குள் ஊசி செருகி அதன் மின்செயலைப் பார்க்கும் சோதனை) அங்கே கெட்டிருந்தால் காயம் முழங்காலுக்கு மேலே. கையால் தனியாகச் சோதிப்பது கடினம், ஊசிதான்.

பெரோனியல் ஃபிபுலா கழுத்தில் அடிபடக் காரணங்களைக் கேளுங்கள்: மாவுக்கட்டின் மேல்விளிம்பு, நீண்ட நேரம் குந்தி வேலை, கால்மேல் கால், வேகமாக எடை குறைதல். கட்டு போட்ட மறுநாள் பாதம் தொங்கினால் பஞ்சு வைத்துக் காத்திருக்காமல் அந்த இடத்தைத் திறந்துவிடுங்கள்.

#13 உளிச்சத்தம்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இது நரம்பைவிட அவசரம். காலெலும்பு முறிவில் முதல் விரலிடுக்கு மரத்து, கணுக்கால் எழவில்லை என்றால் "பெரோனியல்" என்று மட்டும் எழுதாதீர்கள். கால் கெட்டியாக வீங்கி, மருந்துக்கு அடங்காத வலி, விரலை நீங்கள் கீழே மடக்கும்போது துடிக்கும் வலி இருந்தால் அது தசை அறையில் அழுத்தம் ஏறியதன் அடையாளம். நாடித்துடிப்பு நன்றாகத் தெரியும், அதை நம்பி உட்காராதீர்கள். கட்டை முழுசாகப் பிரித்து, காலை இதய மட்டத்தில் வைத்து, உடனே அறுவைக்குச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் தசை போய்விடும்.

தோள் மூட்டு விலகலிலும் இழுக்குமுன் ஆக்ஸிலரியை (தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கான நரம்பு) பார்த்து எழுதுங்கள். தோளின் வெளிப்பக்க உணர்ச்சியை மட்டும் நம்ப வேண்டாம், செத்த நரம்பிலும் அது இருக்கும். கையை உடலோடு வைத்தபடியே முழங்கையை உங்கள் கைக்கு எதிராக வெளியே தள்ளச் சொல்லி டெல்டாய்டை மூன்று பகுதியாகத் தொட்டு இறுகுகிறதா என்று பாருங்கள். சில வாரம் கழித்து முழுசாகக் கையைத் தூக்கிவிட்டார் என்பதாலும் விட்டுவிட முடியாது, சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற இன்னொரு தோள் தசையே தூக்கிவிடும்.

#14 இரவுப்பணி

மூடிய மேற்கை முறிவில் எப்போது திறப்பது? இங்கே ஒரு யூனிட்டில் காத்திருங்கள் என்கிறார்கள், இன்னொன்றில் திறந்து பார் என்கிறார்கள்.

#15 உளிச்சத்தம்

மூடிய முறிவில் ரேடியல் பெரும்பாலும் தானாகத் தேறுகிறது, அதனால் காத்திருப்பதே என் வழக்கம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலோ, கத்தி, கண்ணாடி மாதிரி கூர்மையான காயமாக இருந்தாலோ, எப்படியும் தட்டு வைக்கப்போகிறோம் என்றாலோ நரம்பைப் பார்த்தாக வேண்டும். கீழ் மூன்றில் ஒரு பங்கில் சுருள் முறிவு என்றால் நான் கொஞ்சம் அதிகக் கவனமாக இருப்பேன். அங்கே நரம்பு தசைத்தடுப்பைத் துளைத்து முன்னே வரும் இடத்தில் கட்டுண்டு கிடக்கிறது, எலும்பு முனை நேராக அதில் போய்க் குத்தும்.

இழுத்து நேராக்கியபின் புதிதாகத் தொங்கினால் உடனே திறக்க வேண்டும் என்று முன்பு சொல்வோம், இப்போது அது கட்டாயமில்லை. ஆனால் இழுக்குமுன் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தால்தான் இந்தப் பேச்சே எழும்.

#16 நரம்புச்சிலந்தி

இதில் உளிச்சத்தத்தோடு எனக்கு ஒரு சின்ன வேறுபாடு. காத்திருப்பது சரி, எதையும் அளக்காமல் காத்திருப்பது சரியில்லை. அறுவை மருத்துவர் செடன் 1943-இல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார்: மின்சாரம் மட்டும் நின்றது, உள்ளிழை அறுந்து உறை தப்பியது, முழுசாக அறுந்தது. முதல் நாள் கையைப் பார்த்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது, இ.எம்.ஜி.யும் முதல் வாரத்தில் உதவாது. காயத்துக்குக் கீழே உள்ள துண்டு சாகச் சில நாள் ஆகும்: அதை மின்சாரத்தால் தூண்டினால் வரும் தசைப் பதில் ஒரு வாரத்தில் மறையும், உணர்ச்சிப் பதில் 10 நாள் அளவில். ஊசியில் ஃபிப்ரிலேஷன் (நரம்பிழந்த தசை நார்களின் தானான துடிப்பு) தெரிய 3 வாரம். எனவே 3–4 வாரத்தில் முதல் சோதனை, 12 வாரத்தில் மறுபடி. கீழ்த்துண்டு 10 நாளுக்குப் பிறகும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால் அது முதல் வகை, வாரக்கணக்கில் தேறும்.

கணக்கு எளிது. காயத்திலிருந்து பிராக்கியோரேடியாலிஸ் வரை 90 மி.மீ. என்று வையுங்கள். ஒரு மாதம் தொடக்கத் தாமதம், பிறகு நாளுக்கு 1 மி.மீ. ஆக நான்கு மாதத்தில் அந்தத் தசை லேசாகவாவது இறுக வேண்டும். அந்தத் தேதியைக் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். தாண்டியும் கையிலும் ஊசியிலும் ஒன்றும் இல்லை என்றால் இன்னும் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள். நரம்பு போய்ச் சேராத தசை 12–18 மாதத்துக்கு மேல் ஏற்காது.

#17 இரவுப்பணி

சரி, ஷீட்டில் என்ன எழுதினால் அடுத்த டூட்டிக்கு வருகிறவருக்குப் பயன்படும்?

#18 உளிச்சத்தம்

"நரம்பு, ரத்த ஓட்டம் நார்மல்" என்ற ஒரே வரி பயனற்றது. தேதி, நேரம், பக்கம். தசையின் பெயர் போட்டு 0 முதல் 5 வரை எண்: 0 அசைவே இல்லை, 1 இறுகுவது மட்டும் தெரிகிறது, 2 புவியீர்ப்பை நீக்கினால் அசைகிறது, 3 புவியீர்ப்புக்கு எதிராக, 4 உங்கள் கைக்கு எதிராகக் கொஞ்சம், 5 முழுசாக. வலியால் சோதிக்க முடியவில்லை என்றால் 0 போடாதீர்கள், "சோதிக்க முடியவில்லை" என்றே எழுதுங்கள். 0 என்று எழுதியது மறுநாள் 4 ஆனால் தேறிவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். மரத்த இடத்தைக் கைப்படத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

#19 இயன்முறை_மல்லிகா

கூடவே தட்டல் சோதனை. விரல் நுனிப் பக்கத்திலிருந்து மேலே நோக்கி நரம்பின் பாதையில் தட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் மரத்த பகுதிக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஓடுகிறது என்கிறாரோ அதை ஒரு நிலையான எலும்பு முனையிலிருந்து டேப் வைத்து அளந்து எழுதுங்கள். மேலிருந்து கீழே தட்டினால் காயமான இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். 4 வாரத்துக்கு ஒருமுறை, அதே முனையிலிருந்து. 2.5 முதல் 3 செ.மீ. கீழே இறங்கியிருக்க வேண்டும். இரண்டு தடவை தொடர்ந்து அதே இடத்தில் நின்றால் உளிச்சத்தத்திடம் அனுப்புங்கள்.

இடைப்பட்ட காலத்தில் மணிக்கட்டை 20–30 டிகிரி பின்னால் தாங்கும் ஸ்பிளிண்ட் போடுங்கள். அதன் விளிம்பு உள்ளங்கையின் குறுக்கு ரேகைக்கு மணிக்கட்டுப் பக்கமே முடிய வேண்டும், தாண்டினால் முட்டி மடங்காது. விரல்களையும் கட்டைவிரல் இடுக்கையும் நாளுக்குச் சில தடவை கையால் முழுசாக நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுங்கள். நரம்பு திரும்பி வரும்போது மூட்டு இறுகிப்போயிருந்தால் இத்தனை கணக்கும் வீண்.